கறிமீன் வாங்கிய இயக்குநர்

எங்கள் வாடிக் கதவில் ஒட்டியிருந்த அறிவித்தலை அம்மா கிழித்தெறியவில்லை. கிழிக்கக்கூடிய ஆள்தான். நான் வந்து வாசிக்க வேண்டும் என்பதற்காகவே விட்டு வைத்திருந்தார்.

"வாசி," என்றார்.

வாசித்தேன். எங்கள் ஊரான சல்லியின் கரையோரமாக நடைபாதை வரப்போகிறது. இனிமேல் கரையில் வாடி வைத்திருக்க மீனவர்களுக்கு மட்டுமே உரிமை. பத்மாசனி என்பவர் கரையோரத் தகவல் அமைப்பில் 'உதவியாளர்' என்ற வகைக்குள் வருகிறார். உதவியாளருக்குக் கரையில் உரிமை இல்லை. ஆகவே கரைவலைக் காலம் தொடங்குவதற்கு முன் அவர் தன் வாடியை அகற்றிவிட வேண்டும்.

"கீழ சின்னனா ஒண்டு எழுதியிருக்கு. அதையும் வாசி."

கீழே இருந்தது இதுதான்: களத்தில் வகைப்படுத்தியவர், லோஜனா.

"பெத்த தாயை மீன்காரி இல்லை எண்டு எழுதினனியோடி?"

"நான் எழுதேல்லை அம்மா."

"இது உன்ர பேர் இல்லையோ?"

"பேர் என்ர பேர்தான். எழுதினது நானில்லை."

அம்மா கருவாட்டுப் பாயை ஓங்கி உதறினார். உப்பு என் முகத்தில் பட்டது. அன்றோடு என்னோடு கதை நின்றது. குசினியில் சோற்றைப் போட்டுத் தட்டை என் பக்கம் தள்ளுவார், அவ்வளவுதான். நாலு அடி அடித்திருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பேன். அந்தத் தட்டைத் தள்ளும் சத்தத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அந்த வாடி கிடுகு வேய்ந்த ஒரு கொட்டில். கரைவலை இழுத்துவிட்டு வந்து அம்மா போடும் கருவாடும், உப்புச் சாக்கும், பாயும் அதற்குள்தான். அது போனால் அம்மாவுக்குத் தொழில் இல்லை. கரையும் இல்லை. என் பெயரைப் போட்டே அதைப் பிடுங்கப் பார்க்கிறார்கள்.

யார் பார்க்கிறார்கள் என்பதைச் சொல்கிறேன். சஞ்சீவன். சும்மா சஞ்சீவன் என்றால் அவருக்கு முகம் சுருங்கும். டொக்டர் சஞ்சீவன் என்று சொல்ல வேண்டும். காய்ச்சலுக்கு மருந்து தருகிற டொக்டர் அல்ல. வெளிநாட்டில் படித்துப் பட்டம் வாங்கி வந்து, திருகோணமலையில் உட்துறைமுகம் பார்த்த ஒரு மாடியில் குளிர்சாதனத்தைப் போட்டுக்கொண்டு இருக்கும் டொக்டர். அலைவாய்த் தகவல் நிலையத்தின் இயக்குநர். நான் அவரிடம்தான் வேலை செய்தேன்.

நான் படித்தது தகவல் விஞ்ஞானம். அதில் ஒன்டோலொஜி என்று ஒரு வேலை உண்டு. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். ஓர் இடத்தில் என்னென்ன இருக்கின்றன, எது எதற்குள் அடங்கும், எது எதோடு சேராது என்பதையெல்லாம் கணினிக்குப் புரிகிற மாதிரி எழுதி வைப்பதுதான் அது. கடலில் விட்ட வலையைக் கரையில் நின்று கயிறு பிடித்து இழுப்பது கரைவலை. கரைவலை இழுப்பவர் ஒரு மீனவர். மீனவருக்குக் கரையில் உரிமை உண்டு. இந்த இரண்டையும் எழுதிவிட்டால், பத்மாசனி கரைவலை இழுப்பவர் என்று மட்டும் சொன்னால் போதும். பத்மாசனிக்குக் கரையில் உரிமை உண்டு என்பதைக் கணினி தானே கண்டுபிடித்துச் சொல்லும். அப்படி நியாயம் பார்த்துச் சொல்லும் பகுதிக்கு றீசனர் என்று பெயர். நான் தாளில் பெட்டி பெட்டியாகக் கீறுவதைப் பார்த்து அம்மா இதற்குப் 'பெட்டி வேலை' என்று பெயர் வைத்திருந்தார். எந்தப் பெட்டிக்குள் எந்தப் பெட்டி என்பதுதான் முழு வேலையும். இதைவிட நல்ல பெயர் இதற்குக் கிடையாது.

சின்ன வேலை என்று நினைத்தால் கரைக்கு வந்து பாருங்கள். இலங்கைத்துறையில் படகே இல்லாமல் களப்பில் இறங்கி வலை வீசுகிறவர் இருக்கிறார். நிலாவெளியில் விடியற்காலம் வலை இழுத்துவிட்டு, பகலில் ஹோட்டல் தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிறவர் இருக்கிறார். கிண்ணியாவில் மீன் வாங்கி விற்கிறவரே அடுத்த நாள் தானும் கடலுக்குப் போகிறார். இவர்களில் யார் மீனவர்? எந்தப் பெட்டி? அதற்காகத்தான் பஸ்ஸுக்கு மேல் பஸ் ஏறி, வெயிலில் காய்ந்து, கரை கரையாக இருந்து கதை கேட்டேன். என் முகம் கறுத்தது அந்த வேலையில்தான்.

வேலை முடிந்ததும் சஞ்சீவன் கொழும்பில் ஒரு பெரிய கூட்டத்தில் அதைக் காட்டினார். திரையில் பெரிய எழுத்தில் அவருடைய பெயர். என் பெயரை நான் கடைசிப் பக்கம் வரை தேடினேன். நன்றி சொன்ன இடத்தில் சாரதியின் பெயர்கூட இருந்தது.

"சேர், என்ர பேர் எங்க?" என்று கேட்டேன்.

"லோஜனா, இது குழு வேலை," என்றார். பல் தெரியச் சிரித்தார். "குழு வேலையெண்டா தலைவரின்ர பேர்தான் போடுறது."

குழு என்றால் நான் ஒருத்திதான். அதையும் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். அடுத்த மாதம் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. நிதி போதாதாம். பச்சைப் பொய். நான் போன கையோடு புதுக் கதிரைகள் வந்து இறங்கின.

அதையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு விழுங்கியிருப்பேன். ஊரில் எத்தனையோ பேர் விழுங்குகிறார்கள். ஆனால் அம்மாவின் வாடிக் கதவில் என் பெயரை ஒட்டினாரே, அதற்குப் பிறகு எனக்கு நித்திரை இல்லை. இந்த மனிதனை ஊர் பார்க்க மூக்குடைக்காமல் விடுவதில்லை என்று முடிவெடுத்தேன். அம்மாளாச்சி மேல் சத்தியமாகச் சொல்கிறேன், நீதி நியாயம் என்றெல்லாம் நான் அப்போது நினைக்கவில்லை. பழி வாங்க வேண்டும். அது ஒன்றுதான் மனதில் இருந்தது.

நான் எழுதிய கோப்பு இரகசியமானது அல்ல. யாரும் இறக்கிப் பார்க்கலாம் என்று நிலையத்தின் இணையத்தளத்திலேயே போட்டிருந்தார்கள், எல்லாம் ஒரு பெருமைக்கு. குசினி மூலையில் இருந்து அதை மடிக்கணினியில் திறந்தேன். அம்மா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மீன் வெட்டினார்.

எல்லாம் நான் எழுதியபடியே இருந்தது. இரண்டே இடத்தில்தான் சஞ்சீவன் கை வைத்திருந்தார்.

கரைவலை இழுப்பவர்களுக்கு நான் செய்த 'கயிறு பிடிப்போர்' என்ற பெட்டியை 'மீனவர்' பெட்டிக்குள்ளிருந்து தூக்கி, 'உதவியாளர்' என்று தானே செய்த ஒரு புதுப் பெட்டிக்குள் போட்டிருந்தார். உதவியாளருக்குக் கரையில் உரிமை இல்லை என்றும் எழுதியிருந்தார். படகுப் பதிவு உள்ளவர்கள் மட்டும் மிஞ்சினால் நடைபாதைக்கு இடம் தாராளமாகக் கிடைக்கும், அதுதான் கணக்கு. அந்தப் புதுப் பெட்டியின் கீழ், களத்தில் வகைப்படுத்தியவர் லோஜனா என்ற குறிப்பு. முழு வேலையிலும் என் பெயர் இருந்த ஒரே இடம் அதுதான். புகழெல்லாம் அவருக்கு, பழி எனக்கு.

இரண்டாவது, அலுவலர் எவரும் உதவியாளராக இருக்க முடியாது என்று ஒரு விதி. முன்பு எங்கோ அலுவலர்களே தங்களை உதவியாளர் பட்டியலில் சேர்த்து நிவாரண உலர் உணவு எடுத்தார்களாம். அதைத் தடுக்க எழுதியிருந்தார். நேர்மையான மனிதர் என்று பெயர் எடுக்க வேண்டாமா?

அதைத் திரும்பவும் ஒருமுறை வாசித்தேன். பிறகு சிரித்தேன். வாய்விட்டுச் சிரித்தேன். அம்மா கத்தியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார், இவளுக்கு விசர் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்.

பெட்டியைத் தூக்கி வைத்தவர் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. உள்ளே நான் எழுதிய வரைவிலக்கணம் அப்படியே கிடந்தது: கரைவலைக் கயிற்றைப் பிடித்து, கறிமீன் வாங்கியவர் எவரோ, அவர் கயிறு பிடிப்போரில் ஒருவர்.

கறிமீன் என்றால் எங்கள் கரை வழக்கம். வலையின் மடி, அதாவது மீன் சேரும் பை, கரைக்கு ஏறும்போது யார் கயிற்றில் கை வைத்திருக்கிறாரோ, அவருக்கு அன்றைய கறிக்கு மீன் கொடுத்தே ஆகவேண்டும். உறவா, ஊரா, வழிப்போக்கனா என்று யாரும் கேட்பதில்லை. சம்மாட்டி, அதுதான் வலைக்குச் சொந்தக்காரர், அவர் தன் பங்கை எடுக்குமுன் கறிமீன் போய்விட வேண்டும். கொடுக்காமல் விட்டால் வலைக்கு ஆகாது. கொடுத்ததை வாங்காமல் போனால் அந்த வலையோடு பகை என்று அர்த்தம். வாங்கினால் அன்றைக்கு அவர் வலைக்காரர். எங்கள் கரையில் கயிறு பிடித்ததற்கு வேறு அத்தாட்சி கிடையாது. அதனால்தான் அதையே வரைவிலக்கணமாக எழுதினேன்.

போன கரைவலைக் காலத்தில் ஒரு நாள் டொக்டர் சஞ்சீவன் படம் எடுக்கக் கரைக்கு வந்தார். வெள்ளைச் சேட்டு, முழங்கால் வரை மடித்த காற்சட்டை, கறுப்புக் கண்ணாடி. மடி ஏறுகிற நேரம் பார்த்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். இழுத்தாரா என்று கேட்காதீர்கள், பிடித்துக்கொண்டு நின்றார். எங்கள் வலையில் கறிமீன் பங்கிடுகிற அம்மா வழக்கப்படி இரண்டு பாரைக்குட்டியை ஈர்க்கில் கோத்து நீட்டினார். இரண்டு கையாலும் வாங்கினார். அந்தப் படம்தான் நிலையத்தின் கைநூலுக்கு அட்டை. 'மக்களோடு நாம்' என்று கீழே எழுதியிருந்தது.

அவருடைய பெட்டி, அவருடைய விதி, அவருடைய அட்டைப்படம். மூன்றையும் சேர்த்து முடிச்சுப் போட ஒரு சின்ன உண்மை மட்டும் போதும். ஒரு பொய்யும் தேவைப்படவில்லை. அதுதான் எனக்குப் பெரிய சந்தோசமாக இருந்தது.

அடுத்த நாள் கதிரவேல் மாமாவிடம் போனேன். அவர் எங்கள் கரையின் சம்மாட்டி, கடற்றொழில் சங்கத் தலைவரும் அவர்தான். கிழிந்த வலையை மடியில் போட்டு ஊசியால் பொத்திக்கொண்டிருந்தார்.

"மாமா, வாற கிழமை நகரத்தில அந்தக் கணினி விளக்கக் கூட்டத்துக்கு உங்களையும் கூப்பிட்டிருக்கினம் தானே?"

"ஓம். எல்லாருக்கும் முன்னால நான் ஒரு ஆளைப் பதிஞ்சு காட்டவாம். ஆர் கயிறு பிடிச்சது எண்டு பதியிற அதிகாரம் சங்கத் தலைவருக்குத்தானே. வாடிக்காரரின்ர முறைப்பாட்டையும் அண்டைக்குத்தான் கேப்பினமாம். கூட்டம் சரியா முடிஞ்சா அந்தப் பட்டியல்தான் முடிவு எண்டு கரைக்குப் பொறுப்பான அதிகாரி ரிஸ்லா மேடம் ஒப்பம் வைப்பாவாம்."

"ஆரைப் பதியச் சொன்னவை?"

"என்ர பொடியள் ஆரையும் பதியலாமாம்."

"சஞ்சீவன் சேரைப் பதியுங்கோ."

மாமா ஊசியை நிறுத்தினார். என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் எல்லாவற்றையும் விளக்கினேன். கேட்டுக் கேட்டு மாமாவின் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது.

"பொய் ஒண்டும் இல்லையே, பிள்ளை?"

"ஒரு சொட்டும் இல்லை மாமா. அவர் கயிறு பிடிச்சது உண்மை. மீன் வாங்கினதும் உண்மை."

"அப்ப எனக்கென்ன பயம்?" என்று சொல்லிவிட்டு மாமா திரும்ப ஊசியைக் கோத்தார்.

கூட்டத்துக்கு அம்மாவும் வந்தார், மற்ற வாடிக்காரப் பெண்களோடு. பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை காலியாக இருந்தும் நின்றுகொண்டே வந்தார். மண்டபத்தில் முன்வரிசை முழுக்க அதிகாரிகள். நடுவில் ரிஸ்லா மேடம். கிண்ணியாப் பெண். அதிகம் கதைக்கமாட்டார், ஆனால் பார்வையில் ஒன்றும் தப்பாது என்று சொல்வார்கள். நான் கடைசி வரிசையில் இருந்தேன்.

சஞ்சீவன் அரை மணித்தியாலம் பேசினார். அறிவு, கட்டமைப்பு, மக்கள். கரையே தெரியாத வாயால் கரை கரை என்று பேசினார். பிறகு கதிரவேல் மாமாவை மேடைக்கு அழைத்தார்.

"எங்கட சங்கத் தலைவர் இப்ப ஒரு பதிவைச் செய்து காட்டுவார். அதிலயிருந்து கணினி தானா முடிவெடுக்கிறதை நீங்களே பாக்கலாம்."

மாமா மூக்குக்கண்ணாடியைப் போட்டார். ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். 'சஞ்' என்று தட்டியதுமே, ஏற்கெனவே அமைப்பில் இருக்கும் பெயர் தானாக வந்து நின்றது. அதைத் தொட்டார். கயிறு பிடித்தவரா? ஆம். கறிமீன் வாங்கியவரா? ஆம். பதிவு செய்க.

திரை சிவப்பாகியது.

முரண்பாடு என்று பெரிதாக எழுதியிருந்தது. அதன் கீழ் விளக்கம். அந்த விளக்கப் பகுதியையும் நான்தான் தமிழில் எழுதியிருந்தேன், யாருக்கும் விளங்கவேண்டும் என்று.

'சஞ்சீவன் கயிறு பிடித்துக் கறிமீன் வாங்கியவர். ஆகவே உதவியாளர். சஞ்சீவன் இயக்குநர். ஆகவே அலுவலர். அலுவலர் எவரும் உதவியாளராக இருக்க முடியாது. இப்படி ஓர் உலகம் இருக்க வழியில்லை.'

பெண்கள் பக்கமிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. சஞ்சீவன் வேறொரு பெயரைத் தட்டிப் பார்த்தார். அதே சிவப்பு. இன்னொன்றைத் தட்டினார். அதே சிவப்பு. முரண்பாடு ஒன்று உள்ளே புகுந்துவிட்டால், அது தீரும்வரை எங்கள் றீசனர் வேறெந்தக் கேள்விக்கும் வாய் திறக்காது. அது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை.

"சின்னப் பிழை ஒண்டு," என்றார். "இந்தப் பதிவை அழிச்சிட்டாச் சரி."

"என்ன பிழை சேர்?" மாமா மைக்கை விடவில்லை. "நீங்கள் கயிறு பிடிக்கேல்லையோ?"

வந்தவர்கள் எல்லாரிடமும் அந்தக் கைநூல் இருந்தது. ஒருவர் அதைத் தூக்கி அட்டையைக் காட்டினார். பிறகு பக்கத்தில் இருந்தவர் தூக்கினார். எந்தப் பக்கம் பார்த்தாலும் வெள்ளைச் சேட்டோடு அவரே கயிறு பிடித்துக்கொண்டு நின்றார்.

"கயிறு பிடிச்சனான்... ஆனா மீன்..."

அம்மா எழும்பினார். கூட்டத்தில் எழும்பிக் கதைக்கிற ஆள் இல்லை அவர். "நான்தான் குடுத்தனான் தம்பி. ரெண்டு பாரைக்குட்டி. ரெண்டு கையாலயும் வாங்கினனீங்கள்."

ரிஸ்லா மேடம் திரையையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பதிவு உண்மையெண்டா அதை அழிக்க ஏலாது தானே? அப்ப பிழை வேற எங்கயோ இருக்கு. எங்க எண்டு காட்டுங்கோ. இதை எழுதினது நீங்கள்தானே?"

சஞ்சீவன் கோப்பைத் திறந்தார். மேலும் கீழும் உருட்டினார். எந்தப் பெட்டிக்குள் எந்தப் பெட்டி என்று அவருக்குத் தெரியவில்லை. குளிர்சாதனம் ஓடியும் அவருடைய கழுத்துப்பட்டை நனைந்தது. நான் கடைசி வரிசையில் காலுக்கு மேல் கால் போட்டுக்கொண்டு அதைப் பார்த்தேன். பார்த்துப் பார்த்து என் வயிற்றெரிச்சல் கொஞ்சம் அடங்கியது. கொஞ்சம்தான்.

"லோஜனா," என்றார் கடைசியில், மைக்கில். "ஒருக்கா வாங்கோவன்."

"நானோ சேர்?" இருந்த இடத்திலிருந்தே கேட்டேன். "அதில என்ர பேர் இல்லையே."

"ஆர் எழுதினது?" என்று ரிஸ்லா மேடம் அவரைக் கேட்டார்.

"கூடுதலா... லோஜனா."

"கூடுதலா எண்டா?"

"முழுக்க."

"இந்த உதவியாளர் எண்ட பெட்டி?"

சஞ்சீவன் தண்ணீர் போத்தலை எடுத்தார். குடிக்காமல் வைத்தார். "அது மட்டும் நான்."

"அதில மட்டும் ஏன் அவவின்ர பேர்?"

மண்டபத்தில் இருந்த சல்லிச் சனம் முழுவதும் அவரைத்தான் பார்த்தது. அம்மா மட்டும் திரும்பி என்னைப் பார்த்தார். அறிவித்தல் ஒட்டிய நாளுக்குப் பிறகு அன்றுதான் என் முகத்தைக் கோபமில்லாமல் பார்த்தார். அழுதால் எல்லாம் கெட்டுப் போகும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டு எழும்பி முன்னால் போனேன்.

கணினி முன் இருந்தேன். முரண்பாட்டைத் தீர்க்கப் பல வழி உண்டு. சரியான வழி எனக்குத் தெரியும். ஆனால் நான் முதலில் அதைச் செய்யவில்லை. 'சஞ்சீவன் இயக்குநர்' என்ற ஒரு வரியை மட்டும் எடுத்தேன். சிவப்பு மறைந்தது. அமைப்பு உயிர்த்தது. திரையில் வந்தது இதுதான்:

'சஞ்சீவன். உதவியாளர். கரையில் உரிமை: இல்லை.'

எங்கள் வாடிக் கதவில் அம்மாவின் பெயருக்கு நேரே இருந்த அதே சொற்கள். மண்டபம் அதிர்ந்தது. வாடிக்காரப் பெண்கள் கைதட்டினார்கள். சஞ்சீவன் திரையை வாசித்தார். முகம் செத்துப் போயிருந்தது. வாசிக்கட்டும் என்று விட்டேன். அம்மா வாசித்தார்தானே, அவரும் வாசிக்கட்டும்.

"இது சும்மா காட்டினது மேடம்," என்று அந்த வரியைத் திரும்பப் போட்டேன். "உண்மையான பிழை இதில இல்லை."

"எனக்கு விளங்குது," என்றார் ரிஸ்லா மேடம். சிரிப்பை அடக்கியது தெரிந்தது. "கயிறு பிடிக்கிற ஆக்களை முதல் எங்க வச்சிருந்தனீங்களோ, அங்கயே வையுங்கோ. பத்மாசனிக்கும் மற்ற ஆக்களுக்கும் குடுத்த அறிவித்தலை நான் நிப்பாட்டுறன். இனிமேல் இந்தக் கட்டமைப்பு உங்கட பொறுப்பு, உங்கட பேரில. சங்கத்தின்ர ஒப்பமும் வேணும். அது இல்லாமல் இந்தத் திட்டம் ஒரு அடி நகராது."

'உதவியாளர்' பெட்டியை அழித்தேன். 'கயிறு பிடிப்போர்' பெட்டியைத் தூக்கி 'மீனவர்' பெட்டிக்குள் வைத்தேன். றீசனரை ஓடவிட்டேன். பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. பத்மாசனி, மீனவர், கரையில் உரிமை உண்டு. அம்மாவின் பெயரை இரண்டுமுறை வாசித்தேன். வாடி தப்பிவிட்டது. அதற்குக் கீழே இன்னும் பெயர்கள். அதற்கும் கீழே, கடைசியில்:

'சஞ்சீவன். மீனவர். கரையில் உரிமை: உண்டு.'

எனக்கு அப்படியே இரத்தம் தலைக்கு ஏறியது. ஆளைக் கவிழ்க்க வந்த நானே கைபிடித்துக் கரையேற்றியிருக்கிறேன். கயிறு பிடித்துக் கறிமீன் வாங்கியவர் மீனவர் என்றால் அவரும் மீனவர்தான். அம்மாவைக் காப்பாற்றுகிற அதே வரிதான் அவரையும் தூக்கி வைத்திருந்தது. அவர் கயிறு பிடித்தார் என்ற அந்த ஒரு பதிவை எடுத்துவிட்டால் தொலைந்து போவார். சுட்டியை அதன்மேல் கொண்டுபோய் வைத்தேன். விரல் அழுத்தத் தயாராக இருந்தது.

"என்ன பிள்ளை பாக்கிறாய்?" அம்மா மேடைக்குக் கிட்ட வந்திருந்தார். என்னோடுதான் கதைத்தார்.

"இந்த ஆளுக்கும் உரிமை வருது அம்மா. எடுக்கப்போறன்."

"எடுக்காதை."

"உங்கட வாடியைப் பிடுங்கப் பாத்தவன் அம்மா."

"அதுக்குத்தான் எடுக்காதை எண்டுறன்." அம்மா சஞ்சீவனை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "கரையில உரிமை இருக்கெண்டா கயிறும் இருக்கு. காலம் தொடங்கட்டும். வந்து இழுக்கட்டும்."

கதிரவேல் மாமா அதைப் பிடித்துக்கொண்டார். "ஓம் மேடம். மீனவர் சஞ்சீவன் கரைக்கு வந்து ஒரு வலை முழுசா இழுக்கோணும். அதுக்குப் பிறகுதான் சங்கம் ஒப்பம் வைக்கும்."

"அது சங்கத்தின்ர விருப்பம்," என்று சொல்லிவிட்டு ரிஸ்லா மேடம் கைநூலைப் புரட்டத் தொடங்கினார்.

நான் சுட்டியை எடுத்துவிட்டேன்.

கரைவலைக் காலத்தின் முதல் வலைக்கே அவரைக் கூப்பிட்டார்கள். வேறு வழியில்லை, வந்தார். இந்தத் தடவை கண்ணாடி இல்லை. வரிசையின் நடுவில் நின்று, பிடிக்கத் தெரியாமல் கயிற்றைப் பிடித்தார். மணலில் குதிக்காலை ஊன்றத் தெரியவில்லை. இரண்டுமுறை விழுந்தார். ஒருவரும் தூக்கிவிடவில்லை.

"சேர், நீங்கள் வலையை இழுங்கோ," என்று ஒரு அக்கா கத்தினார். "வலை உங்களை இழுக்குது."

வெயில் ஏறியது. தண்ணீர் கேட்டார், மடி ஏறட்டும் என்றார்கள். நேரம் போகப் போக உப்புக் கயிறு உள்ளங்கையை உரித்தது. மடி கரைக்கு ஏறியபோது வெள்ளைச் சேட்டு மண் நிறமாகியிருந்தது, முகம் அழுகிற முகம். அதைத்தான் நான் படம் எடுத்தேன்.

அம்மா அவருக்கும் கறிமீன் கொடுத்தார். மற்றவர்களுக்குக் கொடுத்த அதே அளவு, ஒரு சூடை மீன் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. உரிந்த கையால் வாங்க முடியாமல் அவர் அதைச் சேட்டில் ஏந்தினார். பிறகு என்னிடம் வந்தார்.

"இப்ப போதுமே, லோஜனா?"

"போதாது," என்றேன். மனதில் இருந்ததைத்தான் சொன்னேன்.

மாமா ஒப்பம் வைத்தார். திருத்திய கைநூல் அடுத்த மாதமே அச்சாகியது. அதன் பொறுப்பும் என்னிடம்தான். அட்டையில் மேலே பெரிய எழுத்தில் என் பெயர். நடுவில் நான் எடுத்த படம், உரிந்த கையும் மண் சேட்டும் அழுகிற முகமுமாக. படத்தின் கீழே ஒரு வரி மட்டும் போட்டேன்: சல்லிக் கரையில் கயிறு பிடிப்போரில் ஒருவர்.

புத்தகம் கிடைத்த அன்றே போன் வந்தது. நான் வாடியில் இருந்தேன். பக்கத்தில் அம்மா நெத்தலிக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தார்.

"லோஜனா," என்றார் சஞ்சீவன். குரல் இறங்கியிருந்தது. "முதல் பக்கத்தில இருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் பாத்திட்டன். என்ர பேர் ஒரு இடத்திலயும் இல்லையே."

"இது குழு வேலை சேர்," என்றேன். "குழு வேலையெண்டா தலைவரின்ர பேர்தான் போடுறது."

போனை வைத்துவிட்டு அம்மாவோடு சேர்ந்து பாயை விரித்தேன்.